மழைநாளில் வீட்டுக்குள் டெரியர்

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது ஆவடியில் எங்கள் தெருவில் மூன்று நாள் முழங்கால் தண்ணீர். மகன் விட்டுப்போன டெரியர் நாய் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தது. இரண்டாம் நாள், நவரைப் பட்டத்துக்கு எடுத்து வைத்திருந்த பூங்கார் விதைநெல் மூட்டையைக் கிழித்து ஈரத் தரையில் இறைத்துவிட்டது. பாதி முளைத்துப் போச்சு. கோபத்தில் கட்டிப்போட்டேன். தப்பு என்னுடையதுதான்.

டெரியர் என்ற பெயரே மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வளைக்குள் புகுந்து எலியும் நரியும் பிடிக்க வளர்த்த இனம். வயலில் எலிவளையைத் தோண்டுகிற அதே வேகம்தான் மூட்டை மேல் திரும்பியது.

இப்போது மரப்பெட்டியில் பழைய கோணிகளைச் சுருட்டிப் போட்டு, மடிப்புகளுக்குள் அதன் சாப்பாட்டில் பாதியை ஒளித்து வைக்கிறேன். கால் மணி நேரம் மோந்து, தோண்டித் தின்றதும் களைத்துத் தூங்குது. அடுத்தது வேட்டித் துணியில் பின்னிய கயிறு இழுப்பு. ‘விடு’ என்றால் விடணும். விட்டதும் மறுபடி இழுக்கக் கொடுக்கணும், அதுதான் அதற்குக் கூலி. நூல் பிரிந்தால் தூக்கிப் போட்டுடுங்க. பொம்மைகளை எல்லா நேரமும் தரையில் விடாமல் மாற்றி மாற்றி எடுத்தால், பழசும் புதுசாகத் தெரியும்.

மக்காச்சோளச் சக்கை வேண்டாம். விழுங்கினால் குடலை அடைக்கும். எலி பிடிக்கிற நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசி வருஷா வருஷம் அவசியம். நமக்கும் தொற்றும் நோய் அது. நாம் எலிமருந்து வைப்பதில்லை, சரி. பக்கத்து வயலில் வைக்கிறாங்களே? மருந்து தின்ற எலியைத் தின்றால் நாய்க்கும் ஆபத்து.

விதை மூட்டை இப்போது பரண்மேல். அது வீட்டம்மா யோசனை.