மேய்ச்சல் நிலத்தில் கரிமச் சேமிப்பு

தொழு உரம் இட்டால் மண் வளம் பெறும் என்பது நீங்கள் அறிந்ததே. ஆனால் உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் மேய்ச்சலுக்கென விட்டுவைத்த செம்மண் தரிசுக்கு யார் உரம் அடிக்கிறார்கள்? அந்நிலத்திற்கு உரம் இடுவது புல்லின் வேரே.

புல் காற்றிலுள்ள கரியமில வாயுவை இலை வழியே எடுத்து, அதிலுள்ள கரிமத்தில் ஒரு பகுதியை வேருக்கு அனுப்புகிறது. வேர் மடிந்து மக்கும்போது அதில் சிறிது மண் துகள்களோடு ஒட்டித் தங்கிவிடும். கால்நடைகள் தரையோடு ஒட்ட மேய்ந்துவிட்டால், புல் வேர் வளர்ப்பதை நிறுத்திவிட்டு இலை விடவே பாடுபடும். இது தொடர்ந்தால் தூர் செத்து, ஐப்பசி மழை மேல்மண்ணைக் கண்மாய்க்கு வாரிச் செல்லும். கூலி கொடுத்து நாம் அள்ளி வரும் வண்டலில் நம் மேட்டு நிலத்து மண்ணும் உண்டல்லவா!

ஓர் ஏக்கரில் 15 செ.மீ. ஆழ மேல்மண் ஏறத்தாழ 900 டன் எடையுள்ளது. மண் ஆய்வில் அங்ககக் கரிமம் 0.5 விழுக்காட்டிற்குக் கீழிருந்தால் 'குறைவு' என்பர். அதை 0.3-லிருந்து 0.4 ஆக்கவே 900 கிலோ கரிமம் மண்ணில் தங்க வேண்டும். நம் வெயிலில் மக்கு விரைவில் சிதைவதால், இது ஓரிரு ஆண்டில் ஆகும் காரியமன்று.

புரட்டாசி, ஐப்பசி மழையில் கொழுக்கட்டைப்புல் மூன்று வரிசைக்கு முயல் மசால் ஒரு வரிசையாக, 30 செ.மீ. இடைவெளியில் விதையுங்கள். முயல் மசால் விதைத்தோல் கடினமானது. 80 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் நான்கு நிமிடம் வைத்தெடுத்து, இரவு முழுதும் குளிர்ந்த நீரில் ஊறவைக்க வேண்டும். முதல் தீவனத்தை 75 நாளில் அறுத்தே போடுங்கள். மாட்டை உள்ளே விட வேண்டாம். பின்னர் நிலத்தை நான்கு துண்டாக்கி, முறை வைத்து மேய்க்கவும். நான்கு விரல் உயரம் தாள் நிற்கும்போதே மந்தையை அடுத்த துண்டிற்கு மாற்றிவிட வேண்டும்.

இன்னொன்று. பகலில் தரிசில் மேய்ந்த மந்தையை இரவில் வயலில் கிடை போடுகிறோம். வயலுக்கு அது ஆதாயம். மேய்ச்சல் நிலத்திற்கோ பற்றுக் கணக்கு. சில இரவுகளேனும் புல்லற்ற மொட்டைத் திட்டுகளில் கிடையை அமர்த்துங்கள்.

கரிமத்திற்குப் பணம் வரும் என்ற பேச்சை மட்டும் நம்பி இதில் இறங்க வேண்டாம். தீவனமும் ஈரமும்தான் உறுதியான வரவு. மேலும், புல்லை அழித்து மீண்டும் உழத் தொடங்கினால் சேர்ந்த கரிமம் கரையத் தொடங்கிவிடும்.

விதைக்கும் முன் ஒரு மண் மாதிரி எடுத்து ஆய்வு அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். ஐந்தாண்டு கழித்து அதே இடத்தில், அதே மாதத்தில், அதே ஆழத்தில் மீண்டும் எடுத்து ஒப்பிடவும்.