காலி மனையில் ஓடும் மீட்டர்

குழாய், வடிகால், தண்ணீர் பில் தொடர்பாக மெல்பேர்ன் வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு உரிமம் பெற்ற பிளம்பர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஐயா, டார்னீட்டில் மனை வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. வீடு கட்ட இன்னும் ஆரம்பிக்கவில்லை. புல்லும் ஒரு குழாயும் தவிர அங்கே எதுவும் கிடையாது. இந்தக் காலாண்டு பில்லில் 61 கிலோலீட்டர் தண்ணீர் செலவானதாக வந்திருக்கிறது. தண்ணீர் நிறுவனத்துக்குப் போன் செய்தால், 'மீட்டர் ஓடியிருக்கிறது, நீங்கள்தான் கட்ட வேண்டும்' என்கிறார்கள். ஆளே இல்லாத இடத்தில் இவ்வளவு தண்ணீர் எப்படிப் போகும்?
– வாசகர், டார்னீட்

பதில்: போன் செய்தீர்கள், சரி. மனைக்குப் போனீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பில்லைக் கையில் எடுத்துக்கொண்டு முதலில் அங்கே போங்கள்.

மீட்டரின் மேல் பொறித்திருக்கும் எண்ணும் பில்லில் அச்சாகியிருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். புது எஸ்டேட்களில் அடுத்தடுத்த மனைகளின் மீட்டர்கள் பொது எல்லையில் ஜோடியாக நிற்பதுண்டு. வரைபடத்தில் லாட் எண் ஒன்று, தெருவில் கதவு எண் வேறொன்று. இந்தக் குழப்பத்தில் உங்கள் மீட்டர் அடுத்தவர் பேரிலும் அவருடையது உங்கள் பேரிலும் பதிவாகிவிடும். அப்படியானால் பக்கத்தில் வீடு கட்டுகிறவரின் தண்ணீருக்கு நீங்கள் பணம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். எண் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து அனுப்பி, இரண்டு கணக்கையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

எண் சரியாக இருந்தால் குழாயை இறுக மூடிவிட்டு மீட்டரின் முகத்தைப் பாருங்கள். கறுப்பு இலக்கம் கிலோலீட்டர், சிவப்பு லீட்டர். சிவப்பு நகர்ந்தால் மீட்டருக்கும் குழாய்க்கும் நடுவே எங்கோ கசிகிறது. நகரவில்லை என்றால், பெரும்பாலும் யாரோ வந்து எடுத்திருக்கிறார்கள். அதற்கு அடையாளம் அங்கேயே கிடைக்கும். குழாய் வாயில் நீங்கள் மாட்டாத ஹோஸ் இணைப்பு இருக்கும். பிடியில் சிமென்ட் அப்பிக் காய்ந்திருக்கும். கீழே சேறு குழைந்து பூட்ஸ் தடம் பதிந்திருக்கும். பக்கத்து மனையில் செங்கல் சுவரைக் கழுவ வருகிறவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் எந்தக் குழாய் இருக்கிறதோ அதில் மாட்டிவிடுகிறார்கள். இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

சுவர் கழுவ 61 கிலோலீட்டர் தேவையில்லைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 15 லீட்டர் ஓடும் ஹோஸை வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு மூடாமல் விட்டுப் போனால், திங்கள் காலை 7 மணிக்குள் 63 மணி நேரம், ஏறக்குறைய 57 கிலோலீட்டர் மண்ணுக்குள் போயிருக்கும். ஒரே ஒரு வார இறுதி போதும்.

மீட்டர் வரைக்கும் உள்ள குழாய் நிறுவனத்துடையது, அதைத் தாண்டினால் உங்களுடையது. விதி அதுதான், போனில் பேசியவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். பக்கத்து வேலியில் பில்டரின் பெயரும் போன் எண்ணும் போட்ட பலகை இருக்கும். சைட் சூப்பர்வைசரிடம் படங்களோடு பேசுங்கள், பேசியதை அன்றைக்கே ஈமெயிலாகவும் அனுப்புங்கள். கேட்காமல் எடுப்பது திருட்டு. மசியவில்லை என்றால் போலீசில் புகார் கொடுங்கள். அந்தப் புகாரின் நகல் தண்ணீர் நிறுவனத்திடம் பேசும்போதும் உதவும்.

கேள்வி: ஒரு சொட்டுகூடச் செலவாகாத மனைக்கு எதற்குப் பில்?
– வாசகர், ராக்பேங்க்

பதில்: அது தண்ணீருக்கான பணம் இல்லை. இணைப்பு இருப்பதற்காக ஒரு நிலையான கட்டணம். ஆறு, ஓடை, வெள்ள வடிகால்களைப் பராமரிக்க மெல்பேர்ன் வாட்டருக்காக ஒன்று. பூங்காக் கட்டணம் என்று மாநில அரசுக்காக ஒன்று. பார்க்ஸ் விக்டோரியா, விலங்குக் காட்சிச்சாலைகள், தாவரவியல் பூங்கா, போர் நினைவாலயம் எல்லாவற்றுக்கும் அதிலிருந்து போகிறது. மனை காலியாக இருந்தாலும் இவை வரும், சண்டை போட்டுப் பயனில்லை. 'பயன்பாடு' என்ற வரியை மட்டும் பாருங்கள். அங்கே சுழியம் இல்லாவிட்டால் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: பில்லில் அளவு 'மதிப்பீடு' என்று போட்டிருக்கிறது. மனையில் இடுப்பளவு புல். என்ன செய்யலாம்?
– வாசகி, வெரிபீ

பதில்: புல்லை வெட்டுங்கள். மீட்டர் கண்ணில் படாததால் ஒரு உத்தேசக் கணக்கை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். உண்மையான அளவைப் படம் எடுத்து அனுப்பித் திருத்தச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் காலி மனையில் இரண்டு மீட்டர் இருக்கின்றன. ஒன்று ஊதா நிறம். அதில்தான் பயன்பாடு காட்டுகிறது. தவறாக வைத்துவிட்டார்களா?
– வாசகர், கிளைட் நார்த்

பதில்: தவறில்லை. ஊதா என்றால் சுத்திகரித்த மறுசுழற்சி நீர். கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் அதை விடலாம், குடிக்கக் கூடாது. உங்கள் எஸ்டேட்டில் இரண்டு குழாய்த் தடம் போட்டிருக்கிறார்கள், அதனால் பில்லிலும் இரண்டு பயன்பாட்டு வரி இருக்கும். டார்னீட் வாசகருக்குச் சொன்ன சோதனையை ஊதா மீட்டரில் செய்யுங்கள். வீடு கட்டும்போது எந்தக் குழாய் எதில் இணைகிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். குடிநீர்க் குழாயில் ஊதா நீர் கலந்துவிட்டால் அது பில்லோடு முடிகிற விஷயம் இல்லை, உங்கள் பிள்ளைகளின் உடம்பைப் பற்றியது.

கேள்வி: தம்பி, என் கணவர் மூத்த மகனுக்காக ஒரு மனை வாங்கி வைத்தார். பின்வேலி ஓரமாக எலுமிச்சையும் கறிவேப்பிலையும் நட்டு, தண்ணீர் விட ஒரு பைப்பும் புதைத்தார். அவர் போன வருஷம் தவறிவிட்டார். கோடையில் பக்கத்துக்காரர் புது வேலி போட்டார். இப்போது 118 கிலோலீட்டர், நானூறு டாலருக்கு மேல் பில். நான் ஏதாவது திறந்து விட்டுவிட்டேனோ என்று தூக்கமே வரவில்லை.
– ஒரு தாய், மிக்கில்ஹாம்

பதில்: அம்மா, நீங்கள் எதையும் திறந்து விடவில்லை. நிம்மதியாகத் தூங்குங்கள். வேலிக் கம்பத்துக்குக் குழி தோண்டிய இயந்திரம் ஐயா புதைத்த பைப்பைக் கிழித்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். 118 கிலோலீட்டரை மூன்று மாதத்துக்குப் பிரித்தால் நிமிடத்துக்கு ஒரு லீட்டர்கூட வராது. கோடை மண் அதை உறிஞ்சிவிடும், மேலே ஈரம் தெரியாது. வேலி ஓரம் ஒரே இடத்தில் மட்டும் புல் பச்சையாக நிற்கிறதா என்று மகனைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்றைக்கே மீட்டரில் உள்ள வால்வை மூடச் சொல்லுங்கள். பிறகு உரிமம் உள்ள பிளம்பரை வைத்துச் சரிசெய்து, எங்கே கசிந்தது, எப்போது சரிசெய்தார் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவுக்குத் தள்ளுபடி கேட்கலாம், அதற்கு அந்த ரசீதுதான் ஆதாரம். பணத்தை ஒரே தடவையில் கட்ட முடியாவிட்டால் தவணை கேளுங்கள், அது உங்கள் உரிமை. நிறுவனம் செவிசாய்க்காவிட்டால் விக்டோரியாவின் எரிசக்தி, தண்ணீர் ஆம்புட்ஸ்மன் அலுவலகத்தில் முறையிடலாம், செலவே கிடையாது. மரங்கள் பிழைத்திருந்தால் வெட்டிவிடாதீர்கள்.

கேள்வி: அடுத்த வாரம் எங்கள் மனைக்கு செட்டில்மென்ட். தண்ணீர் விஷயத்தில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?
– இளம் தம்பதி, வாலர்ட்

பதில்: இந்தக் கேள்வியை எல்லோரும் பில் வந்த பிறகுதான் கேட்கிறார்கள். நீங்கள் முன்னதாகக் கேட்டதற்கு நன்றி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மனை வாங்கும் நம்மவர்கள் மண் பரிசோதனை பார்க்கிறார்கள், வாஸ்து பார்க்கிறார்கள், மூலையில் நின்று குடும்பமாகப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். தண்ணீர் மீட்டரை ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. மனை உங்கள் பேருக்கு மாறும் அன்று மீட்டர் எண்ணும் அளவும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து, உங்களுக்கே ஈமெயில் அனுப்பிக்கொள்ளுங்கள். ஒரு நிமிட வேலை. பழைய உரிமையாளரின் செலவு உங்கள் தலையில் விழுந்தாலும், இரண்டு மீட்டர் மாறிப்போனாலும் அந்தப் படம்தான் பேசும். அது இல்லாமல் வருகிறவர்களிடம் வெறும் வாய்வார்த்தைதான் இருக்கிறது, அதை வைத்து எந்த நிறுவனத்திடமும் வாதாட முடியாது. தண்ணீர்க் கணக்கின் விவர அறிக்கையையும் செட்டில்மென்ட்டுக்கான மீட்டர் அளவையும் வாங்கிவிட்டாரா என்று கன்வேயன்சரிடம் கேளுங்கள்.

வீடு கட்ட ஆறு மாதம், ஒரு வருஷம் ஆகும் என்றால் குழாயைப் பூட்டில்லாமல் விட்டு வைக்காதீர்கள். பூட்டுப் போடும் வகை வால்வை மாட்டப் பிளம்பருக்குக் கொஞ்ச நேரம் போதும். பில்லை எந்த முகவரிக்கு அனுப்புகிறார்கள் என்று பாருங்கள். வாடகை வீடு மாறிய பிறகு பழைய வீட்டுக்கே பில் போய்க்கொண்டிருந்து, கசிவு இரண்டு காலாண்டு தெரியாமல் போன குடும்பங்கள் இருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனைப் பக்கம் போகும்போது மறுபடி ஒரு படம் எடுங்கள்.

பில்டரோடு கையெழுத்துப் போடும் முன், கட்டுமானக் காலத்துத் தண்ணீருக்கு யார் பணம் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது எனக் காட்டச் சொல்லுங்கள். அவர் காட்டாவிட்டால் பேனாவை எடுக்க வேண்டாம். வேலை ஆரம்பிக்கும் அன்று அவர் ஆட்களை வைத்துக்கொண்டே இன்னொரு படம்.