வெள்ளியைச் சோதிக்கும் தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு வெள்ளிக் கம்பிகளை இறக்கி, 9 வோல்ட் பேட்டரிகளை இணைத்துக் கூழ்ம வெள்ளி தயாரித்திருக்கிறாய். அதில் கலந்து வைத்த பாக்டீரியா அகார் தட்டில் முளைக்கவில்லை. எல்லாம் செத்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். அப்படிச் சொல்ல இன்னும் ஆதாரம் போதாது.

வெள்ளிக்கு நுண்ணுயிரை அடக்கும் ஆற்றல் உண்டு. 1880-இல் லைப்சிக் நகர மருத்துவர் கிரெடே, பிறந்த குழந்தைகளின் கண்ணில் சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டு எத்தனையோ பேரின் பார்வையைக் காத்தார். கோளாறு உன் சோதனை முறையில்தான். நீ தட்டில் தடவிய துளியில் பாக்டீரியாவோடு வெள்ளியும் சேர்ந்தே போயிருக்கிறது. செல்கள் உயிரோடு இருந்தும், அந்த மிச்ச வெள்ளி அவற்றை வளரவிடாமல் தடுத்திருக்கலாம். குறித்த நேரம் முடிந்ததும் சோடியம் தயோசல்ஃபேட்டும் சோடியம் தயோகிளைகோலேட்டும் கலந்த கரைசலால் வெள்ளியை முடக்கிவிட்டுத் தடவு. அந்தக் கரைசலே பாக்டீரியாவைக் கொல்லவில்லை என்று காட்ட ஒரு தட்டு வை. வெள்ளி முழுதாக முடங்கியதா என்று பார்க்க, முடக்கிய பின் பாக்டீரியாவைச் சேர்த்து இன்னொரு தட்டு. வெறும் டிஸ்டில்டு வாட்டருக்கும் ஒன்று. இந்த மூன்றும் இல்லாத படத்தை வைத்து நான் எதுவும் சொல்லமாட்டேன்.

டிடிஎஸ் மீட்டர் காட்டிய எண்ணை வெள்ளியின் அளவாகக் குறித்திருக்கிறாய். அது மின்கடத்தலை அளக்கும் கருவி. துகளாக மிதக்கும் வெள்ளி அதற்குத் தெரியாது.

வாயிலிருந்தும் கழிப்பறையிலிருந்தும் எடுத்த கிருமிகளைத் தயவுசெய்து வீட்டில் வளர்க்காதே. நோய் தராத ஈ.கோலை வகையைத் துறையில் கேட்டு வாங்கி, கல்லூரி ஆய்வகத்திலேயே செய். வீட்டில்தான் செய்வேன் என்றால் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் போதும்.

இதையெல்லாம் சரியாகச் செய்து, வெள்ளி கொல்கிறது என்றே நிரூபித்தாலும், அது தட்டில் நடந்ததுதான். உப்பும் புரதமும் இருக்கும் இடத்தில் வெள்ளி அயனி கட்டுண்டுவிடும். குளோரைடைக் கண்டால் வெள்ளி குளோரைடாகப் படியும். வயிற்றில் இருப்பதோ ஹைட்ரோகுளோரிக் அமிலம். உடலுக்குள் ஏறும் கொஞ்சமும் தோலில் போய்த் தங்கும். அமெரிக்காவின் மொன்டானாவில் ஸ்டான் ஜோன்ஸ் என்ற அரசியல்வாதி, 2000 பிறக்கும்போது கணினிக் குழப்பத்தால் ஆன்டிபயாடிக் கிடைக்காமல் போகும் என்று பயந்து, உன்னைப் போலவே வீட்டில் கூழ்ம வெள்ளி தயாரித்து, அதைக் குடித்தார். அவர் தோல் நீலம் கலந்த சாம்பல் நிறமாகிவிட்டது. அந்த நிறம் பெரும்பாலும் போகாது. கூழ்ம வெள்ளி கலந்த கடை மருந்துகள் பாதுகாப்பானவை என்றோ பயன் தருபவை என்றோ ஏற்க முடியாது என 1999-இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை விதி வகுத்துவிட்டது.

உன் அத்தை தினமும் காலையில் இதில் ஒரு மூடி குடிப்பதாக எழுதியிருக்கிறாய். அடுத்த சோதனை முடியட்டும் என்று காத்திராமல் இன்றே நிறுத்தச் சொல். இதை நம்பி அவர் தன் கால் புண்ணுக்கான மாத்திரையை விட்டிருந்தால், நீயே கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போ. எவ்வளவு நாள், எவ்வளவு குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்.

அன்புடன்,
உன் அண்ணன்