திறமூல நிரல்களும் இரவற் சோதனைச் சாலைகளும்

மென்பொருளின் மூல நிரலை எவரும் வாசிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் இடங்கொடுக்கும் முறையைத் திறமூலம் என்பர். இத்தகைய நிரலொன்றை, ஒருவரையொருவர் நேரிற் கண்டறியாத பலர் பல தேசங்களிலிருந்து திருத்துவதுண்டு. ஒருவர் செய்த திருத்தம் மற்றொருவர் வேலையைக் கெடுத்துவிடாதபடி காப்பது எங்ஙனம்? திருத்தம் வந்துசேருந்தோறும் நிரல் முழுவதையும் புதிதாகத் தொகுத்து, முன்னரே எழுதிவைத்த சோதனைகளையெல்லாம் ஓட்டிப் பார்த்தலே வழி. இதற்குத் தொடர் ஒருங்கிணைப்பு என்று பெயர். சோதனை தேறினால் பச்சைக் குறி. தவறினால் சிவப்புக் குறி.

இதற்குக் கணினிகள் வேண்டும். அவையும் லினக்ஸ், விண்டோஸ், மேக் எனப் பல வகையாக வேண்டும். ஊதியமின்றி உழைப்போர் இவற்றை எப்படி வாங்குவர்? இக்குறையைத் தீர்க்கவே 2011-ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் டிராவிஸ் சிஐ என்னும் சேவை தோன்றிற்று. திறமூலத் திட்டங்களுக்கு அது காசு வாங்காமல் தன் கணினிகளை இரவலாகத் தந்தது. அமைப்புக் கோப்பு ஒன்றை நிரலோடு சேர்த்துவிட்டாற் போதும். ஸ்வீடன் தேசத்து டேனியல் ஸ்டென்பர்க் என்பார் நடத்திவரும் கர்ல் என்னும் புகழ்பெற்ற திட்டமும் 2013-இல் அதனைக் கைக்கொண்டது.

2019-இல் இடெரா என்னும் அமெரிக்க நிறுவனம் டிராவிஸை வாங்கிற்று. 2020 நவம்பரிற் கட்டண முறை மாறிற்று. இலவசமாகக் கிடைத்தவை 10,000 புள்ளிகள். லினக்ஸில் ஒரு நிமிஷத்துக்குச் செலவு 10 புள்ளி, மேக் கணினியில் 50. அஃதாவது லினக்ஸில் 1,000 நிமிஷம், அல்லது மேக்கில் 200 நிமிஷம். திருத்தங்கள் ஓயாது வரும் திட்டத்துக்கு இது சில நாட்களுக்கும் காணாது. மேலும் வேண்டியோர் எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. நிறுவனத்தை மாத்திரம் நோவது நியாயமன்று. இலவசக் கணினிகளிற் புகுந்து கிரிப்டோ நாணயம் ஈட்டிய கயவரும் இம்மாற்றத்துக்குக் காரணராயினர். 2021 ஜூனில் பழைய இலவசத் தளம் மூடப்பட்டது. அம்மாதமே கர்லும் விடைபெற்றுக்கொண்டது.

விலை ஒருபுறம் இருக்க, நாடோறும் எரிச்சலூட்டுவது வேறொன்று. நிரலிற் பிழை இல்லாதிருந்தும், வலைத்தொடர்பு அறுந்ததாலோ இரவற் கணினி சுணங்கியதாலோ சோதனை தவறுவதுண்டு. சிறு கணக்கொன்று காண்க. ஒரு திருத்தத்துக்கு 100 வேலைகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் வீணே தவறும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றே என்றும், அவை ஒன்றையொன்று சாரா என்றும் கொள்வோம். நூறும் தேறும் வாய்ப்பு, 0.99-ஐ நூறு முறை தன்னோடு தானே பெருக்கிய தொகை. அது ஏறக்குறைய 0.37. எனவே குற்றமற்ற திருத்தங்களுள்ளும் நூற்றுக்கு 63 சிவப்பாகவே திரும்பும்! முதன்முதல் உதவ வந்த மாணவன் தன் பிழையென்றெண்ணி நாணிப் போய்விடுவான். பழகிய பராமரிப்பாளரோ சிவப்பைப் பொருட்படுத்தாமல், மறுபடி ஓட்டும் பொத்தானை அழுத்துவர். பின்னதே பெருங்கேடு; மெய்யான பிழை வருநாளிலும் அவர் விரல் அப்பொத்தானையே நாடும்.

இதனை எழுதுவோனும் ஒரு மாலைப்பொழுது முழுவதையும் இவ்வாறு இழந்ததுண்டு. ஒரு சேவையின் அமைப்புக் கோப்பில் ஓர் இடைவெளி பிசகியிருந்ததைக் கண்டுபிடிக்கப் பதினொரு முறை திருத்தி அனுப்பி, ஒவ்வொரு முறையும் வரிசையிற் காத்திருந்தேன். மேசைமேலிருந்த என் சொந்தக் கணினியில் அதனை ஓட்டிப் பார்க்க வழியில்லை. அக்கோப்பின் அமைப்பு அச்சேவைக்கே உரியது. அதன்பின் சோதனைப் படிகளையெல்லாம் திட்டத்துக்குள்ளேயே சாதாரண ஸ்கிரிப்டாக எழுதி, சேவையின் கோப்பில் அதனை அழைக்கும் ஒரு வரியை மாத்திரம் வைத்துக்கொண்டேன். மேக் கணினி வாங்க வகையில்லாதார்க்கு இரவல் இன்றியமையாததே, அதனை மறுப்பாரில்லை.

கர்ல் திட்டத்தில் நெடுங்காலமாகவே ஒரே கட்டளையால் எவரும் தம் கணினியிற் சோதனைகளை ஓட்ட முடிந்தது. தன்னார்வலர் சிலர் தாமே ஓட்டி முடிவுகளை அனுப்பியும் வந்தனர். ஆதலால் 2021-இல் டிராவிஸை விட்டபோது, அவர்கள் வேலைகளை வேறு சேவைகளுக்கு மாற்றினரேயன்றிச் சோதனைகளைப் புதிதாக எழுத நேரவில்லை.