கொள்ளைநோயும் கூலிக் கணக்கும்

2020-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் தேதி மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் தடையுத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்றிரவு 8 மணிக்கு நாடு முழுவதற்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டு, நள்ளிரவில் தொடங்கிற்று. இதனால் ஒரு தோல் பதனிடும் சாலைக்கு நேர்வது யாது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். உப்பிட்ட பச்சைத்தோல் மண்டியில் சில காலம் தாங்கும். சுண்ணாம்புத் தொட்டியில் இறக்கிய தோலோ காத்திராது. குறித்த நாளில் எடுத்து, மயிர் போக்கி, அடுத்த பக்குவத்துக்குக் கொண்டுசெல்லாவிடில் அதன் நார் தளர்ந்து விலையற்றுப் போகும். ஆள் வரக்கூடாது என்று சட்டம் சொல்லுகையில் தொட்டிக்கு அது தெரியுமா?

நம் அங்கத்தினரில் பெரும்பாலோர் நெசவாளரும் விவசாயிகளுமே. தோல் தொழிலைப் பற்றி நமக்கென்ன என்று சிலர் கேட்கக்கூடும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் வாரக் கூலிதான் சுற்றுக் கிராமங்களின் காய்கறியையும் பூவையும் பாலையும் வாங்குகிறது. குடியாத்தத்து லுங்கியும் அதில் ஒரு பகுதியைக் கொண்டே விலைபோகிறது. அக்கூலி நின்றபோது நம் தறியும் தோட்டமும் சேர்ந்தே நின்றன.

இதற்கு முன் உலகைச் சூழ்ந்த பெருநோய் 1918-ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சல். பம்பாய்த் துறைமுகத்தின் வழியே வந்த அது இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. 1911-க்கும் 1921-க்கும் இடையே இந்நாட்டின் ஜனத்தொகை சற்றுக் குறைந்ததாகவே குடிக்கணக்கு காட்டுகிறது. வேறெந்தப் பத்தாண்டிலும் கணக்கு அவ்வாறு காட்டியதில்லை. அவ்வாண்டு பருவமழையும் பொய்த்தது. தானிய விலை ஏறி, செப்டம்பரில் சென்னையில் கடைகள் சூறையாடப்பட்டன. (வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.)

இரு நோய்களுக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. 1918-இல் மிகுதியாக மாண்டவர் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட உழைப்பாளிகள். ஐரோப்பாவில் 1348-இன் கருங்கொள்ளைநோயிலும் உழைப்பவர் தொகை பெரிதும் குறைந்தது. எஞ்சியவர் கூலி உயரவே, அதனைத் தடுக்க இங்கிலாந்து 1351-இல் சட்டமே செய்தது. 2020-இன் நோயில் உயிரிழந்தோரில் முதியோரே மிகுதி. உழைக்கும் கைகள் பெரும்பாலும் எஞ்சி நின்றன, வேலை மறைந்தது. ஆகவே கூலி உயர வழியில்லை. கொள்ளைநோய்க்குப் பின் உழைப்பாளிக்கு நற்காலம் வரும் என்று பழைய வரலாற்றைக் காட்டிப் பேசியவர்கள் இதனைக் கவனிக்கவில்லை என்பது எம் கருத்து.

வேலை மறைந்த வழியைப் பார்ப்போம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைகள் மூடப்பட்டன; அலுவலகம் செல்லாதவனுக்குத் தோல் காலணி எதற்கு? வணிகர்கள் கொடுத்த ஆர்டர்களை நிறுத்தினர், அல்லது தள்ளிவைத்தனர். நாட்டின் தோல், காலணி ஏற்றுமதி 2019-20-இல் ஐந்நூறு கோடி டாலருக்குச் சற்று மேல் இருந்தது. அடுத்த ஆண்டு நானூறு கோடிக்கும் கீழிறங்கியது. நட்டம் வணிகரிடமிருந்து ஏற்றுமதியாளருக்கும், அவரிடமிருந்து தொழிற்சாலைக்கும், அங்கிருந்து ஒப்பந்தக்காரருக்கும் இறங்கி, இறுதியில் ஆம்பூர்த் தெருக்களில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து காலணியின் மேற்பாகத்தைக் கையால் தைக்கும் பெண்ணிடம் வந்து நின்றது. அவளுக்குக் கீழே தள்ளிவிட எவருமில்லை.

இங்கு ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஆலைப் பதிவேட்டில் பெயருள்ள தொழிலாளிக்குத் துன்பம் வந்தது உண்மை. ஆனால் சில வாயில்கள் திறந்தன. வருங்கால வைப்பு நிதியிலிருந்து மூன்று மாதச் சம்பளம் வரை திருப்பிச் செலுத்த வேண்டாத முன்பணம் எடுக்க 2020 மார்ச்சு இறுதியில் அனுமதி கிடைத்தது. தொழிலாளர் ஈட்டுறுதிக் கழகம், வேலையிழந்த தகுதியுடையோர்க்கு அளிக்கும் உதவியைச் சம்பளத்தில் 25 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாக உயர்த்திற்று. திண்ணைத் தையல்காரி ஜோடிக்கு இத்தனை என்று கூலி பெறுபவள். தோலைக் கொண்டுவருபவர் ஒருவர். எண்ணி எடுத்துச் செல்பவரும் அவரே. எந்த ஆலையின் பதிவேட்டிலும் அவள் இல்லை. ஆகவே அவ்வாயில்களில் ஒன்றும் அவளுக்குத் திறக்கவில்லை.

விவசாயிகளின் நிலையும் இதுவே. 2020 மே 5-ஆம் தேதி கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. விளைந்தது விலையின்றி வயலிலேயே வாடியது. 2021 பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி என்று அரசு அறிவித்தது, 16.43 இலட்சம் விவசாயிகள் பயன்பெறுவர் என்றனர். நல்லதே. ஆயினும் வாய்மொழிக் குத்தகைக்கு உழுதவன் அடங்கல் காட்ட இயலாமல் சங்கத்தில் கடன் பெறாதிருந்தான். அவன் கடன் வட்டிக்கடைக்காரரிடம் இருந்தது. அதை யார் தள்ளுபடி செய்வார்? வங்கிக் கடனுக்கு 2020 ஆகஸ்டு வரை தவணை ஒத்திவைப்புக் கிடைத்தது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டேயிருந்தது. தவணை நின்றால் வட்டியும் நிற்கும் என்று நம்பினோர் பின்னர் கணக்கைப் பார்த்துத் திகைத்தனர்.

எல்லோரையும் எட்டிய பதிவேடு ஒன்று இருந்தது. அது ரேஷன் அட்டை. 2020-இல் ஆயிரம் ரூபாயும், 2021-இல் இரு தவணையாக நாலாயிரமும், கூடவே விலையில்லா அரிசியும் நியாயவிலைக் கடை மூலமே வந்தன. அக்கடைகளில் மிகப் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன என்பதை நாம் பெருமையோடு நினைக்கலாம். ஆனால் அங்கும் ஓர் இடைவெளி இருந்தது. வடமாநிலத்திலிருந்து வந்து வேலைசெய்தோருக்கு இங்கு அட்டை இல்லை. 2020 மே மாதம் காட்பாடியிலிருந்து சிறப்பு ரயில்களில் அவர்கள் ஊர் திரும்பினர். சிகிச்சைக்கு வேலூர் வந்து விடுதிகளில் சிக்கியிருந்த வெளிமாநில நோயாளிகளும் உடன் சென்றனர். வேறு மாநில அட்டைக்கு இங்கே அரிசி வழங்கும் ஏற்பாடு அக்டோபரில்தான் தொடங்கிற்று. இதற்கிடையே, ஏப்ரல் இறுதியில், குடியாத்தத்தை அடுத்த ஆந்திர எல்லைச் சாலையில் நோயைத் தடுக்கவென்று சுவர் எழுப்பி, எதிர்ப்பு எழுந்ததும் இடித்த வேடிக்கையும் நடந்தது.

பின்னர் ஆர்டர்கள் திரும்பின. ஆனால் விளையாட்டுக் காலணி, தோலல்லாத காலணி ஆகியவற்றின் பக்கம் உலகின் நாட்டம் பெருகியிருந்தது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட காலணிக் கொள்கையும் அவற்றுக்கு இடமளித்தது. கைத்தையல் குறைந்த காலணி பெருகினால் திண்ணைக்கு வரும் வேலையும் குறையும்.

ஆகவே நம் சங்கங்கள் செய்யத்தக்க காரியம் ஒன்று உண்டு. அதற்குப் பெரும் மூலதனம் தேவையில்லை. வீட்டிலிருந்து கூலிக்குத் தைப்போர், கூலிக்குப் பாவு வாங்கி நெய்வோர், வாய்மொழிக் குத்தகைதாரர் ஆகிய மூவருக்கும் தனிப் பேரேடு ஒன்று திறக்கலாம். பெயர், வேலை கொடுப்பவர், எடுத்த ஜோடி அல்லது கஜம், பெற்ற கூலி, பாக்கி என்று பத்திகள் போதும். அங்கத்தினர் கையில் ஒரு சிட்டை இருக்கட்டும். மாதம் ஒருமுறை செயலாளர் அதைப் பேரேட்டோடு ஒத்துப்பார்த்துக் கையெழுத்திடட்டும். எழுதத் தெரியாதவர்க்குப் பள்ளி செல்லும் பிள்ளை எழுதித் தரலாம். அடுத்த பொதுப்பேரவையில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவர விரும்பும் சங்கங்கள், முதலில் ஒரு தெருவில் மட்டும் மூன்று மாதம் நடத்திப் பார்த்து, எத்தனை பெயர்கள் சேர்ந்தன, எந்த ஒப்பந்தக்காரர் சிட்டையில் கையெழுத்திட மறுத்தார் என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளட்டும்.