மைரா ஹெஸ் அம்மையார்

உயிருக்கே இடையூறு நேர்ந்த காலத்தில் சங்கீதம் எதற்கு என்று வினவுவோர் பலர். பசித்தவனுக்குச் சோறும், போர் மூண்டவிடத்துப் படைக்கலமும் வேண்டுமேயன்றி, வாத்திய இன்பம் வேண்டுவதில்லை என்பது அவர் கொள்கை. இக்கொள்கை எத்துணைப் பொருத்தமுடையது என்று ஆராய்தற்கு, பியானோ வாசிப்பில் பெரும்புகழ் பெற்ற மைரா ஹெஸ் அம்மையாரின் வரலாறு நமக்குத் துணைசெய்யும்.

அம்மையார் 1890-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் நாள் இலண்டன் மாநகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். இளமையிலேயே பியானோ பயிலத் தொடங்கி, கில்ட்ஹால் இசைப்பள்ளியிலும் பின்னர் இராயல் சங்கீத அக்காதெமியிலும் கற்றார். அக்காதெமியில் டோபயஸ் மாத்தே என்பார் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். கட்டைகளை வலிந்து அடிப்பதால் நல்ல நாதம் பிறவாது; கையும் புயமும் இறுக்கம் நீங்கியிருத்தல் வேண்டும்; தான் எழுப்பும் ஒலியைத் தானே கூர்ந்து கேட்டல் வேண்டும் என்பன அவ்வாசிரியர் போதித்தவை.

1907-ஆம் ஆண்டில், தம் 17-ஆம் வயதில், தாமஸ் பீச்சம் நடத்திய வாத்தியக் குழுவோடு பேதோவனின் நான்காம் பியானோ கன்செர்ட்டோவை வாசித்து அவர் அரங்கேறினார். எனினும் அழைப்புக்கள் உடனே வந்து குவியவில்லை. பல ஆண்டுகள் மாணவர்க்குப் பியானோ கற்பித்தே காலங் கழித்தார். 1912-இல் ஹாலந்து நாட்டிலும், 1922-இல் அமெரிக்காவிலும் வாசித்தபின்னரே அவர் கீர்த்தி எங்கும் பரவிற்று. அரங்கேற்றத்திற்கும் அமெரிக்கப் புகழுக்கும் இடையே 15 ஆண்டுகள் சென்றன என்பதை நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

1939 செப்டம்பரில் போர் மூண்டது. விமானத் தாக்குதலுக்கு அஞ்சி நாடகசாலைகளும் இசையரங்குகளும் மூடப்பட்டன. இரவில் நகர் முழுவதும் விளக்கின்றி இருண்டது. நேஷனல் காலரி என்னும் சித்திரசாலையின் அரிய ஓவியங்களெல்லாம் வெளியூர்களுக்கு அனுப்பப்பட, அதன் சுவர்கள் வெறுமையாய் நின்றன. அம்மையார் தம் அமெரிக்கப் பயணத்தைக் கைவிட்டார். சித்திரசாலைத் தலைவர் கென்னெத் கிளார்க்கை அணுகி, அவ்வெறுங்கூடங்களில் பகல்வேளையிற் கச்சேரி நடத்த இசைவு பெற்றார்.

முதற் கச்சேரி 1939 அக்டோபர் 10-ஆம் நாள் நடந்தது. முயற்சி வெற்றிபெறுமோ என்னும் ஐயம் இருந்தமையின், அன்று தாமே வாசித்தார். மக்கள் வெள்ளம்போல் வந்தனர். அன்றுமுதல், திங்கள் தொடங்கி வெள்ளி ஈறாக, நண்பகல் உணவு வேளையிற் கச்சேரிகள் நடந்தன. நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங்கே. வாசித்தோர்க்கெல்லாம், புகழ் மிக்கவர் புதியவர் என்ற வேற்றுமையின்றி, ஒரே அளவான ஊதியம் வழங்கப்பட்டது. அம்மையார் தமக்கென ஒன்றும் பெற்றிலர். 1940-இல் குண்டு வீச்சு மிகுந்தபோது, கச்சேரி கட்டடத்தின் அடித்தளத்திற்கு மாறியதேயன்றி நின்றுவிடவில்லை. 1946 ஏப்ரல் 10-ஆம் நாள்வரை 1,698 கச்சேரிகள் நிகழ்ந்தன. கேட்டோர் தொகை 8,24,152.

இவற்றினும் நாம் வியக்கத்தக்கது ஒன்றுண்டு. அங்கே பாக், பேதோவன், பிராம்ஸ் ஆகிய ஜெர்மானியரின் இசை தடையின்றி முழங்கிற்று. தம் இனத்தாரை ஜெர்மனியின் ஆட்சியாளர் அழித்துக்கொண்டிருந்த காலத்தில், அந்நாடு ஈன்ற இசையை ஒரு யூதப் பெண்மணி போற்றி வாசித்தார். ஆட்சியாளரின் கொடுமை வேறு, கலைஞர் விட்டுச்சென்ற செல்வம் வேறு என்பதை வாதத்தால் அன்றி வாசிப்பினால் விளக்கினார்.

1941-இல் அரசாங்கம் அவருக்கு ‘டேம்’ என்னும் பட்டமளித்துச் சிறப்பித்தது. 1961-இல் அவர் இறுதியாகப் பொதுமேடையில் வாசித்தார். 1965 நவம்பர் 25-ஆம் நாள் காலமானார்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். பாட்டு வயிற்றை நிரப்பாது, குண்டையும் தடுக்காது. ஆயினும், உண்பதற்கு ஒதுக்கிய சிறுபொழுதையும் ஒரு ஷில்லிங்கையும் அம்மக்கள் மனமுவந்து இசைக்கு ஈந்தனர். அஃது அவர்க்கு வேண்டாத பொருளாயின் ஆறாண்டுகளுக்கு மேலாக வந்திருப்பரோ? மற்றொன்றும் நம் மாணவர்கள் எண்ணுதற்குரியது. இடர் வந்தபின் ஒருவர் கலை பயிலத் தொடங்குதல் இயலாது. அம்மையார் அன்று வழங்கியது அமைதிக் காலத்தில் அரும்பாடுபட்டு ஈட்டிய பொருள். பிறர்க்கு எப்பொழுது பயன்படும் என்று அறியாமலே நாமும் இன்று கற்றுவருகின்றோம்.