புராஸ்டேட் அறுவைக்குப் பின் ஆண்களின் மனநலமும் இல்லறமும்

புற்றுநோய்ச் சிகிச்சையின் வெற்றியை உயிர் பிழைத்தோர் எண்ணிக்கையைக் கொண்டே மதிப்பிடுவது வழக்கம். பிழைத்தவர் எவ்வாறு வாழ்கிறார் என்பதும் மருத்துவ நலத்தின் பகுதியே. முதியோர் தொகை மிகுந்த கேரளத்தில் இக்கேள்வி சிறப்பிடம் பெறுகிறது. 1967-ல் கொச்சி மாநகராட்சியுடன் இணைந்த மட்டாஞ்சேரி போன்ற நெருக்கமான பகுதிகளில் இதன் சமூகப் பரிமாணம் தெளிவாகப் புலப்படும்.

பாதிப்பின் தன்மை

புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பையின் கீழே அமைந்தது. விறைப்புக்குரிய நரம்புகள் இதன் இருமருங்கும் ஒட்டிச் செல்கின்றன. இந்நரம்புகளைக் காக்கும் அறுவை முறையை அமெரிக்க மருத்துவர் பாட்ரிக் வால்ஷ் 1982-ல் செயற்படுத்தினார். எனினும், நரம்புகள் காக்கப்பட்டாலும் அவை தேறுவதற்கு ஓராண்டு முதல் ஈராண்டு வரை ஆகலாம். சிறுநீர்க் கசிவு பெரும்பாலோர்க்குச் சில மாதங்களில் குறையும். விந்து வெளியேறுவது நின்றுவிடும். ஆயினும் விருப்பமும் உச்ச உணர்வும் எஞ்சியிருக்கக்கூடும். இவ்வேறுபாட்டை அறுவைக்கு முன்னரே எடுத்துரைத்தல் வேண்டும்.

மௌனத்தின் விளைவு

மட்டாஞ்சேரியின் வாசனைப்பொருள் கிடங்குகளில் மூட்டை சுமக்கும் தொழிலாளிக்கு உடல்வலிமையே பிழைப்பு. அறுவைக்குப் பின் சுமார் ஆறு வாரங்கள் பளு தூக்கலாகாது. வருவாய்க் குறைவுடன், ஆடை நனைந்துவிடுமோ என்ற அச்சமும் சேரும்போது அவர் வழிபாட்டிடத்தையும் நண்பர் கூட்டத்தையும் தவிர்க்கத் தொடங்குகிறார். கூட்டுக்குடும்பத்தின் சிறு வீட்டில் தம்பதியர் தனித்துப் பேச இடமில்லை. கணவர் வெட்கத்தால் விலகுகிறார். மனைவியோ அதை வெறுப்பு எனக் கருதுகிறார். இவ்வாறு உடற்குறை மனக்குறையாகவும், மனக்குறை உறவுப் பிளவாகவும் வளர்கிறது.

செய்யத்தக்கவை

இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை அறுவைக்கு முன்பே கற்பிக்கலாம். விறைப்புக் குறைவுக்கு 1998 முதல் வழக்கிலுள்ள சில்டெனாபில் போன்ற மருந்துகளும், வெற்றிடக் கருவியும் உள்ளன. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் உட்கொள்வோர்க்கு அம்மருந்து ஆபத்தானது. ஆகவே மருத்துவர் அறிவுரையின்றி வாங்கலாகாது. மனைவியையும் ஆலோசனையில் அமர்த்துதல் இன்றியமையாதது. புணர்ச்சி ஒன்றே நெருக்கமன்று. தொடுதலும் உரையாடலும் உறவைத் தாங்கும் என்பதை இருவரும் உணர்தல் வேண்டும். தூக்கமின்மை, நீடித்த சோர்வு, வாழ்வில் வெறுப்பு ஆகியவை தென்பட்டால் மனநல மருத்துவரை நாடவேண்டும்.

உள்ளூர் அமைப்புகளின் பங்கு

கேரள அரசு 2008-ல் நோய்த்தணிப்புப் பராமரிப்புக் கொள்கையை அறிவித்தது. அதன்வழி உள்ளாட்சி அமைப்புகளின் துணையுடன் செவிலியர் இல்லந்தோறும் செல்கின்றனர். நோய் நீங்கியவர் இத்திட்டத்தின் வழக்கமான பயனாளி அல்லர். படுக்கையில் வீழ்ந்தோர்க்கே அங்கு முதலிடம். ஆயினும் வீட்டு வாசலை எட்டியுள்ள இப்பணியாளர்க்கு, நலமாயிருப்பதாகத் தோன்றும் ஆணிடமும் இரண்டொரு கேள்விகளைக் கேட்கப் பயிற்சி அளிக்கலாம். பெண் பணியாளரிடம் இதைப் பேச ஆண்கள் தயங்குவராதலின், ஏற்கெனவே தேறிய ஆண்களைத் தொண்டராகச் சேர்ப்பது பயன்தரும்.

இதற்குப் பெருஞ்செலவில்லை. அறுவைக்கு முன் ஓர் உரையாடல், பின்னர்க் குறித்த இடைவெளியில் விசாரிப்பு, தம்பதியர் தனித்துப் பேச ஓர் அறை ஆகிய மூன்றையும் மருத்துவமனை நடைமுறையில் சேர்த்தால், காப்பாற்றிய உயிருடன் ஒரு குடும்பத்தின் இணக்கமும் காக்கப்படும்.